இரண்டாம் தடத்தில் நீந்திய யாழினி

அன்புள்ள முகிலனுக்கு,

நீ டெக்சாஸின் பேர்லேண்ட் நகருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதை உன் அம்மாவின் கைப்பேசி வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பிய அந்த நீலப் புள்ளி டென்னசியில் ஏதோ ஒரு விடுதியில் அசையாமல் நின்றதையும், மறுநாள் மீண்டும் நகர்ந்ததையும் அவள் எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தாள். நீ வழியில் அவளை அழைத்துப் பேசினாய், என்னை அழைக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நானே உன்னை அழைக்கலாம் என்று கைப்பேசியை எடுத்தபோது உன் அம்மா தடுத்துவிட்டாள். "போன்ல பேசினா ரெண்டு பேரும் வாதாடுவீங்க. எழுதுங்க. எழுத்துல உங்களுக்குப் பொய் சொல்ல வராது" என்றாள். என் பிழைப்பைத் தெரிந்து சொன்ன சொல் அது. மருந்துத் தொழிற்சாலையின் தரப் பிரிவில் இத்தனை ஆண்டுகளாக வேலை செய்பவன் நான். எழுதப்பட்டது மட்டுமே நடந்தது, எழுதப்படாதது நடக்கவே இல்லை என்பதுதான் அங்கே அடிப்படைப் பாடம். அந்தப் பாடத்தை எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்பதைத்தான் இப்போது உனக்குச் சொல்லப் போகிறேன்.

யாழினி நம் நீச்சல் கிளப்பை விட்டுப் போனதற்கு அவளுடைய பெற்றோரின் பிடிவாதமும் நிர்வாகக் குழுவின் கோழைத்தனமும் காரணம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்தக் கோபத்தில்தான் கிளப்பில் பயிற்சியும் தந்து பார்த்துவந்த உதவி மேலாளர் வேலையைத் துறந்தாய், டெக்சாஸில் கிடைத்த முதல் வேலையை ஏற்றுக்கொண்டாய். நீ நினைப்பதில் பிழை இல்லை. ஆனால் அதில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது.

முன்னதாக, உன் படிப்பைப் பற்றி ஒன்று. விளையாட்டு மேலாண்மை படிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன நாளில் நான் உன்னைத் தடுக்கவில்லை. அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும், "பையன் என்ன படிக்கிறான்?" என்று யார் கேட்டாலும், "மேனேஜ்மென்ட்" என்று மட்டும் சொன்னேன். 'ஸ்போர்ட்ஸ்' என்ற சொல் என் வாயிலிருந்து வெளியே வராது. ஒரு தீபாவளி விருந்தில் அந்தச் சொல் எப்படியோ வெளிவந்துவிட்டது. உடனே ஒருவர், "ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டா? அப்ப பந்து வெளிய போனா உங்க பையன்தான் போய் எடுத்துட்டு வருவானா சார்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ தட்டுடன் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய் என்பதை உன் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளையைப் பற்றிய ஒரு சொல்லைச் சபைக்கு ஏற்றபடி வெட்டிச் சொல்லும் பழக்கம் யாழினியின் அப்பா செந்தில் வீட்டில் மட்டும் இருப்பதாக நீ எண்ணக் கூடாது. அது நம் வீட்டிலும் இருந்தது. வெட்டிய அளவுதான் வேறு.

நான் நடுவரானது உனக்காகத்தான். பிள்ளையைச் சேர்க்கும்போதே பெற்றோரும் ஏதேனும் ஒரு வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்பது கிளப்பின் நிபந்தனை. மற்ற அப்பாக்கள் ஸ்டாப்வாட்ச் பிடித்தார்கள், பீட்சா விற்றார்கள், கூடாரம் கட்டினார்கள். நான் விதிநூலை வாங்கிப் படித்துத் தேர்வு எழுதி, வெள்ளைச் சட்டை அணிந்து, குளத்தின் ஓரத்தில் நின்றேன். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. அலுவலகத்தில் ஒரு தவறு மாதக்கணக்கில் ஆராயப்படும். இங்கே கண் பார்க்கிறது, கை உயர்கிறது, முடிந்தது. உனக்கு ஒன்பது வயதானபோது மல்லாந்து நீந்தும் போட்டியில் சுவரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் நீ கவிழ்ந்துவிட்டாய். அந்தத் தடத்தின் நடுவர் நான்தான். விதிமீறல் என்று கையை உயர்த்தினேன். நீ காரில் வீடுவரை அழுதாய். அன்று நான் உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன், தீர்ப்பை மாற்றவில்லை. "சொந்தப் பையனையே டிஸ்குவாலிஃபை பண்ணின ஆளு இவரு" என்று கிளப்பில் என்னைக் காட்டிச் சொல்வார்கள். நானும் விருந்துகளில் அதைச் சொல்லிக்கொள்வேன். 'ஸ்போர்ட்ஸ்' என்ற சொல்லை விழுங்கியவனுக்கு இந்தக் கதை மட்டும் இனித்தது. நேர்மை என்றால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்று நம்பினேன். நீ மறு சனிக்கிழமை அதே போட்டியில் ஒழுங்காக முடித்தாய். அந்த மறு சனிக்கிழமை எல்லோருக்கும் வரும் என்பதும் என் நம்பிக்கைக்குள் சொல்லாமல் அடங்கியிருந்தது.

பிறகு செந்திலும் கவிதாவும் நம் குடியிருப்புக்கு வந்தார்கள். கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள் என்றதும் உன் அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. அவர்களுடைய மகளைப் பற்றி எனக்கு முதலில் எதுவும் தெரியாது. பொங்கல் விழாவில் குழு நடனம் ஆடிய பிள்ளைகளில் கடைசி வரிசையில் ஒரு பெண் தாவணியை இடது தோளிலிருந்து விரல்நுனி வரை போர்த்திக்கொண்டு ஆடியதைப் பார்த்தேன், அவ்வளவுதான். பிறக்கும்போது நேர்ந்த சிக்கலால் இடது கையும் இடது காலும் வலுவிழந்தவை என்று கவிதா உன் அம்மாவிடம் சொல்லவே ஓராண்டு ஆயிற்று. அதையும் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, வேறு ஏதோ பேச்சின் இடையில் சொன்னாள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் பேசும்போது யாழினி தன் இடது பக்கத்தைத் திரைக்கு வெளியே வைத்துக்கொண்டு உட்காருவாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, குழந்தைக்கே அது பழகிவிட்டது. புகைப்படம் எடுத்தால் அவளுடைய இடப்புறத்தில் கவிதா வந்து நின்றுகொள்வாள். விசா நடைமுறை தீர்ந்தபின் ஊருக்குப் போகலாம் என்று அவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்கு விசா மட்டும் காரணம் அல்ல.

தண்ணீரில் மட்டும் அவள் மறைக்கவில்லை. கைக்குப் பயிற்சியாக நீந்தச் சொல்லி மருத்துவர் அனுப்ப, பொது வகுப்பில் வந்து சேர்ந்தவளை நீதான் கண்டெடுத்தாய். ஒரு கையால் இழுத்து, ஒரு காலால் உதைத்து, கோணலாகப் போய்ச் சுவரில் முட்டியவளுக்கு நேராக நீந்தக் கற்றுக்கொடுத்தாய். உன் அம்மாவும் நானும் உன்னை அழைத்துவர வரும்போது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்போம். நீச்சலுடையில், தோள் தெரிய, அந்தக் கை வெளிச்சத்தில் மடங்கிக் கிடக்க, குளத்தின் விளிம்பில் மற்றப் பெண்களுடன் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு அவள் கத்திப் பேசுவாள். நீ அவளை அணியில் சேர்த்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் பெண்களோடு அதே போட்டியில் நீந்த வேண்டும், தன் பெயர் அதே பலகையில் வர வேண்டும். இதைவிடப் பெரிதாக அவள் எதையும் கேட்டதில்லை.

கவிழ்ந்து, கைகளை விரித்து நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். அவளால் முடியாது. அதற்கும் விதிநூலில் வழி உண்டு. நீந்துபவரின் உடல்நிலையைப் போட்டிக்கு முன்பே தலைமை நடுவரிடம் தெரிவித்தால், ஒரு கையால் தொட்டாலும் போதும் என்று அவர் அனுமதிக்கலாம். அப்படித் தெரிவிப்பதற்குப் பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும் என்பது நம் கிளப்பின் கொள்கை. நீ செந்திலிடம் அந்தக் கையெழுத்தைக் கேட்டாய். அவர் "நாளைக்குத் தர்றேங்க தம்பி" என்று நாட்களைக் கடத்தினார். இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் வருவது தெரியாது.

போட்டிக்கு முந்தைய வாரம், நான் காரிலிருந்து மளிகைப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது செந்தில் வந்தார். ஒரு பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார். கதவருகே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். முகிலன் தம்பி ஒரு பேப்பர் கேக்குது. பாப்பாவோட கையப் பத்தி எழுதிக் குடுக்கோணுமாம். கிரீன் கார்டு ஃபைல் பண்ணியிருக்கோம்ங்க. இது எங்காச்சும் ரெக்கார்டுல ஏறிக்குமுங்களா?"

நான் பைகளைக் கீழே வைத்தேன். என் பதிலைச் சொல் மாறாமல் தருகிறேன்: "எழுதாத வரைக்கும் எந்த ரெக்கார்டுலயும் இருக்காது, செந்தில்."

"அப்ப எழுத வேண்டாங்கறீங்களா?"

"அது உங்க முடிவு. நான் லாயர் இல்லை. இருக்கிறதைச் சொன்னேன்."

"புரிஞ்சுதுங்கண்ணா" என்றார். அவருடைய முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பைகளை எடுத்து உள்ளே வந்தேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் ஒரு நீச்சல் கிளப்பின் காகிதம் அந்தக் குளத்து அலுவலகத்தின் அலமாரியைத் தாண்டி எங்கும் போகாது என்பதும், குடிவரவு அதிகாரிகளுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதும் எனக்கு அப்போதே தெரியும். அந்த நடைமுறையை நம் குடும்பத்துக்காக வரி வரியாகப் படித்துக் கடந்தவன் நான். அவர் கேட்டது அதைத்தான். அதைத் தவிர மற்றதைச் சொன்னேன். ஏன் என்று இத்தனை நாளாக என்னையே விசாரித்துப் பார்த்தேன். ஆதாரம் இல்லாமல் யாருக்கும் உறுதி தரக் கூடாது என்ற அலுவலகப் பழக்கம் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதியை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் கணத்தில் நான் நடுவரும் அல்ல, படித்தவனும் அல்ல. பெண்ணைப் பெற்ற ஒருவர், அது வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்ததை முழுவதும் புரிந்துகொண்ட இன்னொரு தமிழன். எனக்கு அப்படி ஒரு மகள் இருந்திருந்தால் நானும் தாவணியைத் தேடியிருப்பேன். அவர் மறைக்க விரும்பினார், நான் அவருக்கு ஒரு துணியை எடுத்துக் கொடுத்தேன்.

போட்டி நடந்த காலையில் நீ கையெழுத்துக்காகக் கடைசிவரை காத்திருந்தாய். செந்தில் பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு உன்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நீ தலைமை நடுவரிடம் ஓடினாய். ஒப்புதல் இல்லாமல் கேட்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். "பட் யூ கேன் ஸீ ஹர் ஆர்ம்!" என்று நீ உரத்துக் கேட்டது எனக்கும் கேட்டது. யாருக்குத்தான் கேட்கவில்லை? நீந்துபவர்கள் தொட்டுத் திரும்பும் சுவரருகே என்னை நிறுத்தியிருந்தார்கள். முதல் மூன்று தடங்கள் என்னுடையவை. யாழினி இரண்டாம் தடத்தில் வந்தாள். அவள் நன்றாக நீந்தினாள், முகிலா. உன் பயிற்சி தெரிந்தது. வலது கை சுவரைத் தொட்டது. இடது கை மார்போடு ஒட்டியிருந்தது. ஐயம் ஏற்பட்டால் நீந்துபவருக்குச் சாதகமாகத் தீர்க்க வேண்டும் என்று நடுவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் ஐயத்தைத் தேடினேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. தேடவில்லை. கை உயர்ந்துவிட்டது. அவள் அதை அறியாமல் நீந்தி முடித்து, மறுமுனையில் தலையைத் தூக்கி, தனக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்துகொண்டிருப்பதைப் பார்த்து, படிக்கட்டில் இருந்த அம்மாவை நோக்கிக் கையை அசைத்தாள். பலகையில் அவளுடைய பெயருக்கு எதிரே நேரம் வரவில்லை. அவள் வெகுநேரம் அந்தப் பலகையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றாள். நீதான் போய்க் கையைக் கொடுத்து ஏற்றினாய்.

அதன்பின் நீ நிர்வாகக் குழுவின் முன் வைத்த திருத்தம் நல்ல திருத்தம். கண்ணுக்குத் தெரியும் உடல்நிலையைப் பயிற்சியாளரே நடுவரிடம் தெரிவிக்கலாம், மருத்துவக் காகிதமோ கையெழுத்தோ தேவையில்லை, அப்படி நீந்துபவரின் முடிவு மற்றவர்களுடையதைப் போலவே கணக்கில் சேரும் என்று எழுதியிருந்தாய். காப்பீடு என்ன சொல்லும் என்று ஒருவர் கேட்டார். நாளைக்கு எல்லோரும் மணிக்கட்டு வலி என்று வந்து நிற்பார்கள் என்றார் இன்னொருவர். தலைவர் என் பக்கம் திரும்பி, நடுவர்களின் சார்பில் கருத்துச் சொல்லுமாறு கேட்டார். நான் எழுந்து நின்று சொன்னேன்: சிறு வயதினரின் உடல்நிலையைப் பெற்றோரின் ஒப்புதல் இன்றி மூன்றாம் நபரிடம் தெரிவிப்பது அந்தரங்க மீறல், திருத்தம் இந்த வடிவில் செல்லாது. அறையில் பலர் தலையசைத்தார்கள். அந்த ஒப்புதல் ஏன் வரவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லாமல் உட்கார்ந்தேன். திருத்தம் தோற்றது. இரக்கப்பட்டு ஒரு சலுகை தந்தார்கள்: அவள் காட்சிக்காக நீந்தலாம், முடிவு மட்டும் எண்ணப்படாது. நீ அதை அவளிடம் எடுத்துச் சொன்னபோது, "ஸோ ஆம் ஐ ஆன் த டீம், ஆர் நாட்?" என்று கேட்டாளாம். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. பரதநாட்டிய வகுப்பு இருப்பதாகச் செந்தில் எல்லோரிடமும் சொன்னார்.

கூட்டம் முடிந்து காரில் வரும்போது, "அப்பா, நீங்க சொன்னது கரெக்ட். ஒவ்வொரு வேர்டும் கரெக்ட். அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாய். என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரமே டெக்சாஸ் வேலைக்கு விண்ணப்பித்தாய்.

இனி அறிவுரை. உரிமை இல்லாதவன் சொல்வது என்று நீ நினைத்தாலும் படித்துவிடு, ஏனெனில் இது உன் வேலைக்கு உதவும். நீ சேர்ந்திருக்கும் நகராட்சியின் விளையாட்டு, பொழுதுபோக்குத் துறையிலும் கொள்கை ஆவணங்கள் இருக்கும். நன்றாகவே எழுதப்பட்டிருக்கும். அவற்றை எழுதியவர்கள் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள்: பிள்ளைக்கு என்ன தேவையோ அதை உரக்கக் கேட்கும் குடும்பம், கேட்டால் கிடைக்கும் என்று நம்பும் குடும்பம், கேட்டதற்காக யாரும் தங்களைக் கீழாகப் பார்க்க மாட்டார்கள் என்று பழகிய குடும்பம். அந்தக் கதவு அவர்களுக்குத் திறக்கும். அதே பேர்லேண்டில், அங்கிருக்கும் இந்துக் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் வீடுகளில், வேறு வகைக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு எழுதிக் கொடுப்பது என்றால் ஒப்புக்கொள்வது. ஒப்புக்கொள்வது என்றால் தங்கை கல்யாணம், ஊர்ப் பேச்சு, விசா எல்லாம் ஒரே மூட்டையாக வந்து நிற்கும். அவர்கள் உன் மேசைக்கு வர மாட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில், குரலைத் தாழ்த்தி, வேறு எதையோ கேட்பதுபோலக் கேட்பார்கள். அப்போது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதே. அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பார்த்து அதற்குப் பதில் சொல். இந்தக் காகிதம் எங்கே போகும், எங்கே போகாது, யார் பார்ப்பார்கள் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்பே நீயே சொல்லிவிடு. முடிந்தால் 'குறைபாடு உண்டா?' என்ற கட்டத்தையே எடுத்துவிட்டு, 'உங்கள் பிள்ளை நன்றாக விளையாட நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று சேரும் ஒவ்வொருவரிடமும் கேள். எல்லோரும் எழுதும் இடத்தில் எழுதுவதற்கு நம்மவர்கள் அஞ்ச மாட்டார்கள்.

விதிகளை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நீயே நம்ப மாட்டாய். அந்தரங்கம் பற்றி நான் அன்று சொன்னது இன்றும் சரி. உன் திருத்தத்தில் அந்த ஓட்டை இருந்தது, பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சேர்த்திருந்தால் அடைந்திருக்கும். அதை அன்று எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். ஓட்டையைக் காட்டத் தெரிந்தவனுக்கு அடைக்கவும் தெரிந்திருந்தது. அடைக்கும்படி யாரும் கேட்கவில்லை, அதனால் செய்யவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியே ஒருவன் எவ்வளவு தீங்கு செய்ய முடியும் என்பதற்கு உன் அப்பாவை நினைத்துக்கொள்.

நீ கிளம்பியபின் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் செந்தில் வீட்டுக்குப் போனேன். நடுக்கூடம் முழுவதும் அட்டைப்பெட்டிகள். செந்திலுக்குக் கலிபோர்னியாவில் இருக்கும் மில்பிடாஸுக்கு வேலை மாற்றலாகியிருக்கிறதாம். இந்த மாத இறுதியில் குடிபெயர்கிறார்கள். கவிதா ஒரு நாற்காலியிலிருந்து பாத்திரங்களை இறக்கிவைத்து எனக்கு இடம் செய்தாள். நான் உட்காரவில்லை.

"செந்தில், அன்னைக்கு நீங்க கேட்டப்போ நான் சொன்னது பாதிதான். அந்தப் பேப்பரால கிரீன் கார்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அது எனக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். "விடுங்கண்ணா. நீங்க நல்லதா சொல்லியிருந்தாலும் நான் போட்டிருக்க மாட்டேன். என் புத்தி எனக்குத் தெரியாதுங்களா?"

எனக்கு ஒரு கணம் பாரம் இறங்கியது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சமையலறை வாசலில் நின்ற கவிதா அதை விடவில்லை.

"இவர் போட்டிருக்க மாட்டார். நான் போட்டிருப்பேன்ங்கண்ணா. பேனாவ எடுத்துட்டேன். 'அவர் அம்பயரு, ரூல்ஸெல்லாம் கரைச்சுக் குடிச்சவரு, அவரே வேண்டாங்கறாரு'ன்னு இவர் வந்து சொன்னார். அப்பறம் நான் என்னத்தச் சொல்றது? கீழ வெச்சுட்டேன்."

"நான் வேண்டாம்னு சொல்லலைம்மா" என்றேன். சொன்னவுடன் அந்த வாக்கியம் எவ்வளவு சரியானது, எவ்வளவு கேவலமானது என்று எனக்கே கேட்டது.

"அங்கயும் நல்ல குளம் இருக்கும். நானே வந்து பேசறேன், எழுதித் தர்றேன்" என்றேன்.

"அங்க யாருக்கும் தெரியாதுங்கண்ணா" என்றாள் கவிதா. வருத்தமாகச் சொல்லவில்லை, ஒரு வசதியைச் சொல்வதுபோலச் சொன்னாள். "புது ஊரு. முழுக்கை போட்டுக்கிட்டா ஸ்கூல்லகூடத் தெரியாது. இனிமே குளமெல்லாம் வேண்டாம்னு அவளே சொல்லிட்டா."

அப்போதுதான் பெட்டிகளுக்கு அப்பால் சோபாவின் மூலையில் யாழினி இருப்பதைக் கவனித்தேன். ஐபேடை மடியில் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தமிழ் நன்றாகப் புரியும் அவளுக்கு.

"அங்கிள், டிட் யூ நோ இட் வாஸ் மீ?" என்றாள்.

கை உயர்த்தியபோது, அந்தத் தடத்தில் வந்தது தான்தான் என்று எனக்குத் தெரியுமா என்பது கேள்வி. தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை என்னை மன்னித்திருக்கும் என்று நினைக்கிறேன். அவள் முகத்தில் அதற்கான இடம் இருந்தது. தண்ணீருக்குள் தொப்பி அணிந்த தலைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், நடுவர் சுவரையும் கைகளையும் மட்டும்தான் பார்ப்பார் என்று அவளே எனக்காக யோசித்து வைத்திருந்தாள் போல.

"தெரியும்மா" என்றேன்.

"ஓகே" என்றாள். பிறகு வலது கையால் இடதுகைச் சட்டையின் முனையைப் பிடித்து விரல்கள் மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஐபேடைப் பார்க்கத் தொடங்கினாள். குளத்தில் அவளைப் பார்க்கத் தொடங்கியபின், நான் அறிய, அவள் என் முன்னால் அந்தக் கையை மறைத்தது அதுவே முதல் முறை.

கவிதா காப்பி போடுகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். செந்தில் வாசல்வரை வந்து, கலிபோர்னியா பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இரண்டு ஆண்டுகள் உன்னை நிழல்போலத் தொடர்ந்த யாழினி, முகிலன் அண்ணா எங்கே போனார், எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தையாவது கேட்பாள் என்று எதிர்பார்த்து, சாத்திய கதவுக்கு வெளியே கொஞ்சநேரம் நின்றேன். அவள் கேட்கவில்லை.

இவ்வளவுதான் என்னிடம் இருந்த துண்டு. உன்னிடம் சேர்த்துவிட்டேன்.

உன் அப்பா